நாலு தட்டு தட்டிய தலையணை

போன மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை நாலு மணி பத்து நிமிடம். வெளியே பிசுபிசுவென்று தூறல். படப்பையில் என் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பையனின் செல்போன் மூன்றாவது முறையாகக் கத்தத் தொடங்கியிருந்தது. வெறும் மணிச்சத்தம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அவன் வைத்திருப்பது யாரோ ஒரு பேச்சாளரின் குரல்: "உன்னை எழுப்ப யாரும் வரமாட்டார்கள். நீயே எழு." தெரு நாய்கள் எழுந்துவிட்டன. கீழே நான் எழுந்துவிட்டேன். அவன் ஒருவன்தான் எழவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வருவதற்குள் தினமும் படித்து, அரசாங்கத் தேர்வு எழுதி, ஊர்ப் பக்கமே வேலை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவன் லட்சியம். அதைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். ஒட்டிய பசை என் சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டது. அது வேறு விஷயம்.

முழங்கால் வலியோடு பதினெட்டுப் படி ஏறினேன். தோளைப் பிடித்து உலுக்கினால் அவன் எழமாட்டான்; பல நாள் பார்த்தாயிற்று. அன்று வந்த எரிச்சலில் அவன் தலைக்குக் கீழிருந்த தலையணையை உருவினேன். தலை 'டொக்'கென்று பாயில் இடித்தது. நான் தலையணையைத் தள்ளிப் போட்டு நிமிர்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியளா தாத்தா, இன்னைக்கு நானே எந்திச்சிட்டேன். மனசு வச்சா முடியும்லா."

அந்த 'டொக்' எனக்குத் தெரிந்த சத்தம்.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வருஷம் உதவித்தொகைப் பரீட்சை ஒன்று இருந்தது. "தேறினா ஹைஸ்கூல். இல்லன்னா மாமா கூட ரைஸ் மில்லு" என்று அப்பா சொல்லிவிட்டார். மில்லில் தவிடு பறக்கும். எனக்குத் தும்மல் வரும். ஆகவே விடியற்காலை எழுந்து படிப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபமாக இருந்தது.

வழி சொன்னவர் மாமாதான். "படுக்கறதுக்கு முன்னாடி எத்தன மணிக்கு எழுந்துக்கணுமோ அத்தன தட்டு தலகாணியத் தட்டுடா. நாலு மணிக்கு எழுப்புன்னு சொல்லிட்டுப் படு. அது எழுப்பும்." மாமா எட்டரைக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. அவர் எட்டரைத் தட்டு தட்டுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு நாலு தட்டு தட்டினேன். விடியற்காலையில் என் தலை 'டொக்'கென்று பாயில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் தலையணை ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. கூடத்தில் யாரும் இல்லை. சுவர்க்கடிகாரத்தில் மணி நாலு. கொல்லையில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டில் எப்போதும் முதலில் எழுகிறவள் அவள். எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு தினமும் 'டொக்'. என் மன உறுதியைப் பற்றி எனக்கே பெரிய மதிப்பு வந்தது. விளக்கைத் தூண்டிவிட வந்த அக்காவிடம் ஒருநாள், "மனசு இருந்தா நீ கூடப் படிச்சிருக்கலாம்" என்றேன். "ஆமாண்டா, பெரிய மனுஷா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை மாதம் அவளை மண்ணூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. நாலு போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த நாள் எட்டுத் தட்டு தட்டினேன், அப்போதும் வெயில்தான். பிறகுதான் கவனித்தேன், அது என் தலையணையே இல்லை. பஞ்சு நன்றாக இருக்கிறதென்று அம்மா என்னுடையதை அக்காவின் சீரோடு கட்டி அனுப்பியிருந்தாள். பரீட்சைக்குப் பத்தே நாள். என் லட்சியத்தை மூட்டை கட்டி மண்ணூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அக்காவின் மாமியார் கூடத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, ஒரு வாரம் கூட ஆவல, அதுக்குள்ள அக்காவைத் தேடிக்கினு வந்துட்டியா?"

"அக்காவுக்காக வரல. என் தலகாணிய எடுத்துனு போவ வந்தேன்."

அவள் கை நின்றது. "சீர்ல வெச்சத திருப்பிக் கேக்கற வூட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்றாள், சமையலறைக்குக் கேட்கிற மாதிரி.

அக்கா சமையலறையில் இல்லை; கொல்லையிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. இந்தத் தலையணை மேல் இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வாசலில் என் காதோடு சொன்னாள்: "இதுக்கு வயசாயிடுச்சுடா. சும்மா தட்டினா கேக்காது. படுக்கறப்ப ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு அப்புறம் தட்டு."

அப்படியே செய்தேன். 'டொக்' வரவில்லை, ஆனால் நாலு மணிக்குக் கொல்லைப் பக்கம் ஓட வேண்டி வந்தது. ஓடியவன் திரும்பி வந்து படித்தேன். தேறினேன். ஹைஸ்கூல் போனேன். மாமா தன் தலையணை வைத்தியத்தை அதன் பிறகு உறவில் ஒரு கல்யாணம் விடாமல் சொல்லி, என்னையும் எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டினார்.

மாடிப் பையன் "நானே எந்திச்சிட்டேன்" என்று சொன்ன மறுநாள் மண்ணூருக்குப் போனேன். அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டைச் சுற்றிக் கம்பெனிச் சுவர்கள்.

"நீதானே இழுத்த?" என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"இப்பவாவது தெரிஞ்சிதே."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா, அக்கா வந்து எழுப்பட்டும்னு படுத்துகினு இருந்திருப்ப. நீயா எழுந்துக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்த. அதனாலதான் படிச்ச."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அறுபது வருஷமாக என் சொந்தக் கணக்கில் வைத்திருந்த ஒன்றை அவள் இவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். "அப்ப அன்னைக்கு எதுக்கு அழுத? தலகாணிக்கா?"

"கட்டிக்கினு வந்த வூட்டுக்கு என் மனுஷங்கன்னு மொதமொத வந்தது நீதான்டா. என்னைப் பாக்க வந்திருக்கன்னு நெனச்சி ஓடி வந்தேன்."

நான் கொண்டுபோயிருந்த புது இலவம்பஞ்சுத் தலையணையை அவள் பக்கம் நகர்த்தினேன். கழுத்து வலிக்கு டாக்டர் தலையணையே வைக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறாராம். அதை மடியில் வைத்து, சிரித்துக்கொண்டே நாலு தட்டு தட்டினாள்.

தலையணை, ஷேர் ஆட்டோ, பஸ், போக வர எல்லாம் சேர்த்து அறுநூற்று இருபது ரூபாய்.