காலமே போன தண்ணீர் வண்டிக்காரர்

எங்கள் பள்ளிப் பத்திரிகைக்கு நான்கு விதிகள் இருந்தன. ஆறாம் பாரத்துக்கு, அதாவது பள்ளியின் கடைசி வகுப்புக்கு, வந்த முதல் வாரத்திலேயே அவற்றை எழுதி, பத்திரிகைச் சாமான்கள் இருந்த அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். பெயர்களை உரியவரிடமே கேட்டு எழுத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதோடு நிற்காமல் இரண்டாவது ஆளிடமும் விசாரிக்க வேண்டும். நம்முடைய அபிப்பிராயம் கடைசிப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருக்கிறேன். இங்கும் என் மேசைக்கு மேலே ஒரு பட்டியல் தொங்குகிறது. அதன் முதல் விதி, அந்த அலமாரிக் கதவில் ஐந்தாவதாகச் சேர்ந்த விதி. அது எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முந்தின ஆடி மாதம் அது. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான மிஷன் ஹைஸ்கூல். விடுதியில் தங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பிள்ளைகள், டவுணிலிருந்தும் கோட்டைக்குள்ளிருந்தும் வந்து போனவர்கள் பெரும்பாலும் சைவ வீட்டுப் பிள்ளைகள். பத்திரிகை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு பக்கம், நாற்பது படி. அச்சு இயந்திரம் எதுவும் கிடையாது. பசைக்கட்டியும் கிளிசரினும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி ஒரு தகரத் தட்டில் ஊற்றி இறுக விடுவோம். ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து தட்டில் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டியதுதான். முப்பதுக்கு மேல் எழுத்து வெளிறத் தொடங்கும். முடிந்ததும் தட்டை ஈரத்துணியால் துடைத்து இரண்டு நாள் சும்மா விட வேண்டும். மை அடியில் இறங்கினால்தான் அடுத்த பக்கம் சுத்தமாக வரும். சண்டைக்குப் பிறகு கிளிசரின் கிடைப்பதில்லை. இப்போதைய பிள்ளைகள் கையாலேயே எழுதுகிறார்களாம்.

விடுதிக்குக் குடிக்கிற தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தது. ஒற்றை மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி ஒருவர் கொண்டுவருவார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வேறொரு வண்டிக்காரர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். இது ஒரு செய்தி என்று கண்டுகொண்டவள் நாலாம் பாரத்துப் பெண் ஒருத்தி. தகப்பனாருக்கு இங்கே மாற்றலாகி, சென்னைப்பட்டணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் எழுத்தாளர்களில் மிகக் கெட்டிக்காரி அவள்தான். வாசல் பார்க்கும் அம்மாளிடம் போய் விசாரித்தாள். இரண்டாவதாகச் சமையல்கட்டில் விசாரித்தாள். புதன்கிழமை மாலை கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் வரி: "நமது விடுதிக்குத் தண்ணீர் வண்டி ஓட்டிவந்த பெரியவர் செவ்வாய்க்கிழமையன்று காலமானார்." அடுத்து, வெயிலானாலும் மழையானாலும் மணி அடிப்பதற்கு முன் அவர் வந்துவிடுவது, தண்ணீர் ஊற்றும்போது ஒரு சொட்டும் சிந்தாதது, பீப்பாய்க்கு வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பது, காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கென்று ஒரு நாள் இரண்டாவது நடை போய்க் கொண்டுவந்தது. படித்து முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

"ரெண்டு பேர்ட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன் அக்கா. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க."

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. நான் முதல் பக்கத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தில் அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டார்கள். பழைய மாணவிகள் பலர் அந்தக் கட்டுரையைக் கேட்டு அனுப்பியதால் அடுத்த செவ்வாய்க்கிழமை அதை மட்டும் புதிதாக எழுதி இன்னும் நாற்பது படி எடுத்தோம். இதற்கிடையில் பள்ளியை நிர்வகித்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா பத்திரிகையைப் படித்து வருந்தி, காலியான இடத்தை அந்தப் புது வண்டிக்காரருக்கே நிரந்தரமாகக் கொடுக்கும்படி ஆபீஸ் குமாஸ்தாவான ரைட்டரிடம் சொல்லி, உத்தரவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். இது அப்போது எனக்குத் தெரியாது. வாசல் பார்க்கும் அம்மாளுக்கு எழுத்து தெரியாது. எங்கள் பத்திரிகை அவள்வரைக்கும் போனதில்லை.

புதன்கிழமை காலை, முதல் மணிக்கு முன்னால், வாசல் பக்கமிருந்து ஒன்றாம் பாரத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மொட்டைத் தலை, நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் மாடும் பீப்பாயும்.

"என்னத்துக்கு இந்தப் பிள்ளைக இந்த ஓட்டம் ஓடுது? மொட்டை அடிச்சவனைப் பார்த்ததே இல்லியா?" என்று வாசல் பார்க்கும் அம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே புது வண்டி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ரைட்டர் கையில் பேனாவுடன் வெளியே வந்தார்.

"ஏவே, நீரு செத்துப்போனதால்லா பேப்பர்ல வந்துட்டு!"

"நான் செத்தா எனக்குத் தெரியாமலா போகும் ஐயா? பாவநாசம் போயி முங்கிட்டு, மலை மேல ஏறிச் சாமி கும்பிட்டுட்டு வாரேன். ஆடி அமாவாசைக்கு வருசா வருசம் போறதுதான? இந்தா, இந்த அம்மாட்ட சொல்லிட்டுத்தான போனேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுவே. மிஸ்ஸியம்மா கையெழுத்துப் போட்டாச்சு. உம்ம எடத்துக்கு ஆளு போட்டாச்சு."

அண்ணாச்சி அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்போதுதான் உள்ளே நின்ற வண்டியைச் சரியாகப் பார்த்தார். "ஐயா, எனக்கு வேற சோலி கெடையாதே. இந்த மாட்டுக்கும் ஆத்தையும் உங்க வாசலையும் விட்டா வேற பாதை தெரியாது" என்றார் பைய.

நான் அவரிடம், "அண்ணாச்சி, இன்னைக்கு நாளைக்கு மட்டும் பொறுத்துக்கிடுங்க. தப்பு எங்களுது. நான் சரி பண்ணுதேன்" என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. மாட்டை அவிழ்த்து வேப்பமரத்து நிழலில் கட்டினார்.

முதலில் சென்னைப்பட்டணத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அழ வேண்டாம் என்றும், கேட்ட வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

"அண்ணாச்சி ஏன் வரலேன்னு கேட்டேன். 'அண்ணாச்சி காலமே போயிட்டாவளே'ன்னாங்க."

"அப்புறம்?"

"எனக்கு அழுகை வந்துடுச்சு. வீட்ல இருக்கிறவங்க எங்கேன்னு கேட்டேன். 'எல்லாரும் வண்டி கட்டிப் பாவநாசம் போயிருக்காவ'ன்னாங்க. சாம்பல் கரைக்கத்தானே அங்க போவாங்கன்னு நெனச்சேன். சமையல்கட்டுலயும் இதையேதான் சொன்னாங்க."

"ஏளா, காலமேன்னா காலையில. விடிய முன்னாடி கிளம்பிட்டாவன்னு அர்த்தம்."

அவள் என்னையே பார்த்தாள். "நாங்க காத்தாலன்னுதானே சொல்வோம்" என்றாள்.

"செத்துட்டாரான்னு நேரா கேட்டிருக்கலாம்லா?"

"அதை எப்படி அக்கா வாய் விட்டுக் கேக்கறது?"

நானும் கேட்டிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்கிற யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள்; அதைத் தவிர்க்கத்தான் நாங்கள் எத்தனையோ சொற்களை வைத்திருக்கிறோம். ஆனால் அவளுக்குக் கிடைத்த பதில்கள் இரண்டையும் அவள் கேட்டபடியே என்னிடம் காட்டியிருந்தால், அந்த நிமிடமே நான் சிரித்திருப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அமாவாசை என்பதாவது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். விடுதியில் நாங்கள் யாரும் அமாவாசை கணக்கிடுவதில்லை. கணக்கிடுகிற சைவ வீட்டுப் பிள்ளைகள் அன்று பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதுவே ஒரு செய்தி, அதையும் விட்டுவிட்டோம்.

மிஸ்ஸியம்மாவிடம் நான் மட்டும் போனேன். யார் சொன்னார், யார் கேட்டாள், யார் எழுதினாள், யார் படித்துப் பார்த்து அனுமதித்தாள் என்று வரிசையாகச் சொன்னேன். கடைசி ஆள் நான். மிஸ்ஸியம்மா இலக்கணப் புத்தகத்திலிருந்து தமிழ் கற்றவர்.

"அந்த மனிதர் மரிக்கவில்லை. அவர் காலையில் எழுந்து போனார். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அம்மா."

"நான் அவருக்காக முழங்காற்படியிட்டு ஜெபித்தேன்." உத்தரவுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எண்பது பேர் அவர் மரித்ததாக வாசித்தார்கள். இப்பொழுது நான் வேலையை மாற்றினால், ரைட்டர் ஒருவரை வைத்தார், மிஸ்ஸியம்மா நீக்கினார் என்று ஊர் சொல்லும். உங்கள் பத்திரிகை அவரை எடுத்துப்போட்டது. உங்கள் பத்திரிகையே அவரைத் திரும்ப வைக்கட்டும். நாளை மத்தியானம் நான் நாசரேத்துப் பக்கம் போகிறேன், ஒரு மாதம் வரமாட்டேன். நான் புறப்படுமுன் அச்சிட்ட திருத்தம் என் மேசையில் இருந்தால் கையெழுத்திடுவேன்."

ரைட்டர் கதவருகே நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும், "கடைசிப் பக்கத்துல சின்னதா, 'சென்ற இதழில் சில பிழைகள் நேர்ந்தன'ன்னு போட்டுரும்மா. போதும்" என்றார். உத்தரவில் "இறந்தவருக்குப் பதிலாக" என்று எழுதியவர் அவர்; ஒருவரையும் விசாரிக்காமல் எழுதியிருந்தார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது.

"தப்பு முதல் பக்கத்துல வந்துச்சு ஐயா. திருத்தமும் அங்கனதான் வரும்" என்றேன்.

திருத்தத்தை எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. சென்னைப்பட்டணத்துப் பெண்ணையே ஊதா மையால் எழுதச் சொன்னேன். தட்டில் கவிழ்த்து முதல் தாளை எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முந்தின நாள்தான் இரங்கல் கட்டுரையை அதே தட்டில் எடுத்திருந்தோம். மை இன்னும் இறங்கவில்லை. "உயிருடன் இருக்கிறார்" என்ற வரிக்கு அடியில் "காலமானார்" என்று மங்கலாக வாசிக்க முடிந்தது.

"அக்கா, அவர் போகமாட்டேங்கறாரே" என்றாள் அவள். அன்றைக்கு முதல்முறையாக இருவரும் சிரித்தோம்.

இரண்டு நாள் காத்திருக்க நேரமில்லை. தட்டிலிருந்ததை முழுவதும் சுரண்டி எடுத்துப் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்து உருக்கினேன். நேரடியாகத் தீயில் வைத்தால் கட்டி கெட்டுவிடும். ஊதா நிறம் முழுவதிலும் கலந்து வெளிறிப் போயிற்று. எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. ஒரு கரண்டி கிளிசரின் கூட்டினேன். ஊற்றி, மேலே வந்த குமிழிகளைத் தாள் ஓரத்தால் வழித்து, எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தேன். அது இறுகுவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் எண்பது படி, தட்டின் ஒவ்வொரு பாதியிலும் நாற்பதாக, இரண்டு முறை எழுதி எடுத்தோம். கட்டுரை எத்தனை கைக்குப் போனதோ அத்தனை கைக்கும் திருத்தமும் போக வேண்டும்.

திருத்தம் இவ்வளவுதான்: "தண்ணீர் வண்டிப் பெரியவர் காலமானார் என்று சென்ற இதழில் எழுதினோம். அது தவறு. அவர் உயிருடன் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அதிகாலையில், அதாவது 'காலமே', ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனார், அடுத்த வாரம் புதன்கிழமை திரும்பினார். சொன்னவர்கள் சரியாகச் சொன்னார்கள். நாங்கள் தவறாக எழுதினோம். படித்துப் பார்த்து வெளியிட்ட பத்திரிகாசிரியையே இதற்குப் பொறுப்பு."

மிஸ்ஸியம்மா இரண்டு முறை படித்தார். "காலமே என்கிற வார்த்தை என் அகராதியில் இப்படி இல்லையே" என்றார். பென்சிலை எடுத்து அகராதியின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். பிறகு அண்ணாச்சியைத் திரும்ப வைக்கும் புது உத்தரவில் கையெழுத்துப் போட்டார். புது வண்டிக்காரர் தன் பழைய வாடிக்கைகளை இன்னும் விட்டிருக்கவில்லை; ஒன்றும் சொல்லாமல் அவற்றுக்கே திரும்பிவிட்டார். அலமாரிக் கதவில் ஐந்தாவது விதியை எழுதினேன்: சொன்னவர் சொன்ன சொல்லையே முதலில் எழுது, அர்த்தம் பிறகு. இங்கே ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து "கிறக்கமா இருக்கு" என்றால் நான் மயக்கம் என்று எழுதுவதில்லை. கிறக்கம் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே பீப்பாய் வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி முடித்து அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"பேப்பர் ஒண்ணு தாங்கம்மா."

திருத்தத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இது இல்ல. மத்தது. அதுல என்னைப் பத்தி அம்புட்டு நல்லா எழுதியிருக்காமே. எங்க வீட்டுக்காரி இத்தனை வருசத்துல அப்பிடி ஒரு வார்த்தை சொன்னது கெடையாது. வாசிச்சுக் காட்டணும்."

"அது தப்பான செய்தி அண்ணாச்சி. குடுக்கக் கூடாது."

அவர் யோசித்தார். "செத்தது மட்டுந்தான தப்பு? மத்ததெல்லாம் நெசந்தான?"

அலமாரியிலிருந்து ஒரு படியை எடுத்து, மேசையில் வைத்து, வரி வரியாக அவரிடமே கேட்டேன். மணிக்கு முன்னால் வருவது. "ஆமா." சிந்தாமல் ஊற்றுவது. "ஆமா." புளி போட்டுத் தேய்ப்பது. "ஆமா. வாரத்துக்கு ரெண்டு தரம்." அதைத் திருத்தினேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்காக இரண்டாவது நடை. "ஆமா, அது நெசம்."

முதல் வரியை மட்டும் அடித்து, ஓரத்தில் என் கையெழுத்தை வைத்து, தாளை அவரிடம் கொடுத்தேன்.