ஜெசிந்தா கொடுத்த ரத்தம்

ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி நாகல் நகரிலிருந்து போன் செய்தபோது ஆய்வகத்தில் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் அன்றைய ரத்தமெல்லாம் வீண். அழுதுகொண்டே கழுவி முடித்தேன். பாதியில் ஓடி வந்திருந்தால் அவள் திட்டியிருப்பாள் என்பது உங்களில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தகடுகளில் டெங்கு, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் கிருமிகளின் புரதங்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த நீரை மேலே விட்டால், அந்த உடம்பு எந்தக் கிருமியோடு சண்டை போட்டதோ அந்தப் புள்ளி ஸ்கேனரில் மின்னும். ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஆளின் ரத்தநீர் வேண்டும். "எனக்கு வராத காய்ச்சலா? என்னையவே எடுத்துக்கங்க" என்று ஜெசிந்தாதான் முன்வந்தாள்.

ஒருமுறை சின்னாளப்பட்டியில் எடுத்த ரத்தம் அத்தனையிலும் எலிக்காய்ச்சல் புள்ளி மின்னியது. சுகாதார அலுவலகத்துக்குச் சொல்ல நான் போனை எடுத்துவிட்டேன். அவள் தன் ரத்தநீர் விட்ட தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருடி. போன வாரம் வரைக்கும் எனக்கு இந்தப் புள்ளி மின்னல. இன்னைக்கு மட்டும் எப்படி மின்னும்? கழுவுற கரைசல்ல ஏதோ கோளாறு. ஏற்கெனவே பயந்துபோயிருக்காங்க, நாமளும் பயங்காட்ட வேணாம்."

புதுக் கரைசலில் மறுபடி செய்தோம். பெரும்பாலான புள்ளிகள் அணைந்துவிட்டன. அன்று முழுக்க என்னைக் கேலி செய்தாள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. இனி ரத்தம் எடுக்க முடியாது. பயன்பாட்டில் இருந்தது போக, ஃப்ரீசரில் அவளுடைய குப்பி ஒன்றுதான் மிச்சம். பேகம்பூர் மக்களின் ரத்தம் இன்னும் பார்க்கப்படாமல் இருந்தது. அந்தக் குப்பியைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளிடமே சொன்னேன்.

"வச்சு என்ன, ஊறுகாயா போடப்போற? அந்தச் சனங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்றாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அதை உருக்கினேன். ஸ்கேனரில் அவளுடைய புள்ளிகள் எப்போதும்போல மின்னின. மின்னக் கூடாதவை மின்னவில்லை. பேகம்பூருக்கு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடிந்தது.

குப்பி காலியாகிவிட்டது. நான் வைத்துக்கொண்டது அந்தத் தகட்டின் படத்தை மட்டும்தான். அவள் உடம்பு போராடி ஜெயித்த காய்ச்சல்களெல்லாம் அதில் இருக்கின்றன. அவள் தோற்ற அந்த ஒன்று அதில் இல்லை.