மாமா படிக்கிறார்

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும், ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம், என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லப்போய்த்தான் பதின்மூன்று வயதில் நான் ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

அப்போது நாங்கள் சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா டிராக்டர் ஓட்டினார். அம்மா சுங்கைப்பட்டாணியில் இருந்த கையுறைத் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வந்தார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, பீடோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேர்ந்திருந்தேன். வாய்மொழித் தேர்வை அங்கே எல்லோரும் மலாயில் லிசான் என்பார்கள். ஆங்கில லிசானில் தேறாதவர்களை, மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த வகுப்பு சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருந்தது. அதற்குள் போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத்தை எட்டிப் பார்த்ததில்லை.

"அந்த கிளாஸுக்கு மட்டும் போன, அப்பறம் நீயும் என்கூட கையுறை உருவ வந்துட வேண்டியதுதான்லா" என்று அம்மா சொல்லியிருந்தார். சூடான அச்சுகளிலிருந்து கையுறைகளை உருவி உருவி அவர் விரல்கள் எந்நேரமும் வெந்து சிவந்திருக்கும். சாப்பிடும்போது அந்த விரல்களைப் பார்ப்பேன்.

எங்கள் ஆங்கில டீச்சர் தமிழர்தான். சுங்கைப்பட்டாணியில் துணிக்கடை வைத்திருந்த வசதியான குடும்பம். ஆனாலும் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை நாங்கள் கேட்டதில்லை. அவர் காலணிச் சத்தம் நடைவழியில் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும்.

வாசிப்புப் பழக்கம்தான் தலைப்பு என்று ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டார். எங்கள் வீட்டில் வாசிப்பதற்கு இருந்தது தினசரி நாள்காட்டி ஒன்றுதான். அதையும் அப்பா ராகு காலம் பார்த்துவிட்டுக் கிழித்துவிடுவார். எனவே ஊரோடு ஒத்துப்போய் நானும் யாரோ எழுதிய கட்டுரை ஒன்றை நெட்டுருப் போட்டேன். 'மை ஹாபி இஸ் ரீடிங் ஸ்டோரி புக்ஸ்' என்று தொடங்கும். குளிக்கும்போது சொன்னேன், பேருந்தில் சொன்னேன், சாமி கும்பிடும்போதுகூட அதுதான் வாயில் வந்தது.

நூலக அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வெளியே சன்னலோரம் நின்றோம். எனக்கு முன்னால் போன பதினோரு பேரும் அதே கட்டுரையை ஒப்பித்தது, என்னுடையதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த என் காதில் விழவில்லை. நான் உட்கார்ந்து 'மை ஹாபி' என்றதும் டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். ஹாபி போதும், உன் வீட்டில் யார் நிறையப் படிக்கிறார், அவரைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஒரு வாரத்து நெட்டுரு அந்த இடத்திலேயே போய்விட்டது. தகரக் கூரையும் அம்மாவின் விரல்களும் கண்முன் வந்து நின்றன. அப்போதுதான் மாமாவின் நினைவு வந்தது.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து பீடோங் சந்தைக்குக் கூட்டிப் போவார். வழியில் தெரியும் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை எல்லாம் உரக்க வாசித்துக்கொண்டே ஓட்டுவார். நானும் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, டயர்க் கடைக்காரர்களும் பல் வைத்தியர்களும் போட்ட பிச்சை. பிறகு ஒருநாள் மாமா வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாமா பாலிங் பக்கம் படிக்கிறாரு. அஸ்ராமாவுல தங்கி" என்றார். அஸ்ராமா என்றால் மாணவர் விடுதி. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

டீச்சரும் படிக்கிறவரைத்தானே கேட்கிறார்?

"மை அங்கிள், டீச்சர். ஹி இஸ் ரீடிங்."

என்ன படிக்கிறார் என்று கேட்டார். தமிழில் புத்தகத்தையும் படிக்கிறோம், பள்ளிக்கூடத்திலும் படிக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் உண்டு என்று எனக்கு யார் சொன்னது? பாலிங்கில் ரீடிங் என்றேன். எவ்வளவு நாளாக என்றார். இரண்டு வருடமாக என்றேன். ஒரே புத்தகத்தையா என்று கேட்டு டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது, தைரியத்தோடு ஆங்கிலமும் வந்தது. அந்தப் பள்ளியில் தீபாவளிக்குக்கூட விடுமுறை கிடையாது என்றேன். எல்லோருக்கும் மொட்டை, ஒரே நிறச் சட்டை, பெண்களே இல்லை. அம்மா மாதம் ஒருமுறை போவார், வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள், பிஸ்கட் பொட்டலத்தை அவர்களே பிரித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை நானும் போய் அப்பாவோடு வெளியே மர நிழலில் காத்திருந்தேன். வேலி மிக உயரம், டீச்சர்.

டீச்சரின் பேனா நின்றுவிட்டது. முகத்தில் சிரிப்பில்லை. எழுந்துபோய், தோழிகள் நின்றிருந்த பக்கத்துச் சன்னல்களை இழுத்து மூடினார். திரும்பி வந்து குனிந்து, முதல் முறையாகத் தமிழில் பேசினார்.

"இத வெளிய யாருகிட்டயும் சொல்லாதம்மா. சரியா?"

டீச்சர் தமிழுக்கே இறங்கிவிட்டார் என்றால் என் ஆங்கிலம் எவ்வளவு கேவலமாக இருந்திருக்க வேண்டும்! மற்ற பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று சன்னலை வேறு சாத்துகிறார். அன்றைக்கு என் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான்.

போதைப் பழக்கத்தில் விழுந்தவர்களைக் கொண்டுபோய் அடைத்து வைக்கும் இடம்தான் மாமாவின் அஸ்ராமா என்று எனக்குத் தெரிந்தபோது வயது பதினேழு. படிக்கிறார் என்றுதான் அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

லிசானுக்கு மறுநாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "அம்மாகிட்ட குடு. நீ பிரிக்கக்கூடாது." ஒட்டிய உறை வீட்டுக்குப் போகிறதென்றால் அதற்குள் நல்ல செய்தி இருக்காது என்பது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். நான் அதை அட்லஸ் புத்தகத்துக்குள் செருகினேன். வீட்டில் அதை வெளியே எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் குடுத்தியா என்று கேட்டார். அம்மாவுக்கு ஓவர்டைம் என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். குடுத்துட்டேன் டீச்சர் என்று துணிந்து பொய் சொன்னேன்.

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர்."

டீச்சரின் முகம் வெளிறிப்போனது. கோபம் என்று நினைத்தேன். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், இனி கடைசி வகுப்புகூட இல்லை, பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அதன் பிறகு அவர் பாடம் நடத்தும்போதெல்லாம் என் பக்கம் பார்ப்பதும் சட்டென்று பார்வையை மாற்றிக்கொள்வதுமாக இருந்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் தட்டை அப்படியே தள்ளிவைத்ததைப் பார்த்து, அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்த அம்மா என் நெற்றியைத் தொட்டார். அவ்வளவுதான், உடைந்து அழுதேன். "என்னைக் கடைசி கிளாஸுல போட்டுட்டாங்கம்மா" என்று சொல்லி, அட்லஸிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன்.

அம்மா நின்றபடியே பிரித்தார். படித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் படித்தார். அடி விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அடி விழவில்லை. தொழிற்சாலைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை மடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் குனிந்து படித்தேன். குண்டு குண்டான தமிழ் எழுத்து.

'அக்கா, உங்கள் மகள் நன்றாகப் பேசினாள். தேறிவிட்டாள். அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். என் தம்பியும் அங்கேதான் படிக்கிறான். போய் ஆறு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் அவன் பெயரைக்கூட எடுப்பதில்லை. அடுத்த முறை நீங்கள் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா? தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.'

தேறிவிட்டாள் என்ற சொல்லை நான்கைந்து முறை படித்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அப்புறம்தான் கடைசி வரி கண்ணில் பட்டது. காலணிச் சத்தத்திலேயே எங்களை நடுங்கவைக்கிறவருக்குப் பயமா?

"டீச்சருக்கு எதுக்கும்மா பயம்?" என்று கேட்டேன்.

"மொத தடவ போறவங்களுக்கு அப்படித்தான்லா இருக்கும்" என்று அம்மா குளியலறையிலிருந்து சொன்னார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

பாலிங் பள்ளியிலும் லிசான் வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டீச்சரை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.