பாடம் நடத்தினேன்... கார் வந்தது

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன். ஆபீஸ் உதவியாளர் அக்கா ஸ்டாஃப் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒங்களப் பாக்க ஆளு வந்திருக்காக. பெரிய கார்ல. ஹெச்.எம். ரூம்ல உக்காந்திருக்காக."

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். யார் என்று நான் கேட்கவில்லை. சில நாட்களாக அந்தக் காரைத்தான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அதில் என்ன பயம் என்கிறீர்களா? நானும் இத்தனை வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உள்ளாட்சிப் பாடம். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பீரியட். 'மூன்றடுக்கு முறை' என்று ஆரம்பித்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் புத்தகத்தை மூடச் சொன்னேன். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டோம். வகுப்பறையே கிராம சபை! ஒருத்தி தலைவர், மற்றவர்கள் ஊர்மக்கள்.

"ஒங்க ஊர்ல நெசமாவே என்ன குறையோ, அதக் கேளுங்க" என்றேன்.

கார்த்திகா எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். குன்றக்குடிக்கு அங்குட்டு ஒரு கிராமம் — பெயர் வேண்டாம்.

"எங்க தெருக் குழாய்த் தண்ணிய ஊருப் பெரிய மனுசரு தோப்புக்குத் திருப்பிவிட்டுட்டாக. நாங்க கொடத்தத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வர்றோம். தலைவர் பதில் சொல்லணும்."

வகுப்பே கைதட்டியது. 'தலைவர்' திருதிருவென முழித்தாள். "இதை நெசமான கிராம சபையில கேக்கணும்" என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். டீச்சர் சொல்வதையெல்லாம் பிள்ளைகள் கேட்கவா போகிறார்கள்?

கேட்டுவிட்டாள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் அவள் ஊரில் கிராம சபை. நடந்ததை அதே ஊர் மாணவி ஒருத்தி வந்து சொன்னாள். கார்த்திகா எழுந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "ஒனக்கு ஓட்டு இருக்கா? உக்காரு!" என்று ஓர் அதட்டல். உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த அவள் அம்மா பஞ்சவர்ணம் எழுந்தார். அதே தோப்பில் கூலி வேலைக்குப் போகிறவர். கூட்டத்தில் பேசிப் பழக்கமே இல்லாதவர்.

"எனக்கு ஓட்டு இருக்குல்ல? எம்மக கேட்டதத்தான் நானும் கேக்குறேன். தீர்மானமா எழுதுங்க."

எழுதினார்களாம். "இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?" என்று ஒரு குரல் வந்ததாம். கார்த்திகா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் — "எங்க டீச்சர்!"

கேட்டதும் எனக்குப் பூரிப்பு. அது வருகைப் பதிவு எடுக்கும் வரைக்கும்தான்.

கார்த்திகா அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை; அடுத்தடுத்த நாட்களும் வரவில்லை. அவள் அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தோப்பு ஓரமாகத்தானே அவள் வீட்டுக்கு நடக்க வேண்டும்? பள்ளி வாசலில் எந்த பைக் நின்றாலும் எனக்காக நிற்பது போலவே இருந்தது. "பாடத்த மட்டும் நடத்தியிருக்கலாம்ல?" என்றார் வீட்டுக்காரர். நான் நடத்தியதும் பாடம்தானே?

இப்போது ஹெச்.எம். ரூம். வெள்ளைச் சட்டையில் தோப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"நல்லா இருக்கீகளா டீச்சர்? ரொம்ப நல்லாப் பாடம் நடத்துறீகளாம்ல. எங்க ஊருப் பிள்ளைகளுக்குப் படிப்ப மட்டும் சொல்லிக்குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கிருவோம்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கோவிலூர் ரோட்டுலதான ஸ்கூட்டியில போறீக? ரோடு சரியில்ல. பாத்துப் போங்க."

ஹெச்.எம். மேடத்தின் மேஜையில் கிடந்த பாடப் புத்தகத்தைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினேன். "இதத்தான் சார் நடத்துனேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பக்கத்தைத் திருப்பி மறுபடி வாசித்தார்.

"இதெல்லாம் புஸ்தகத்துலயே போட்டிருக்கானா?"

"பரீட்சைக்கே வருமுங்க" என்றார் ஹெச்.எம். மேடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலமே மேடமும் நானும் பஸ்ஸில் கார்த்திகா வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்றாள். ஓர் அடிகூடப் படாமல், முழுசாக! அங்கேயே அழுதுவிட்டேன்.

பஞ்சவர்ணத்தைத் தோப்பு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மகளைத் தனியே அனுப்பப் பயம். "பயந்தான் டீச்சர். ஆனா இப்பத் தெருவுல எல்லாப் பொம்பளைகளும் எங்கூடப் பேசுறாக. நாளையிலருந்து முறை வச்சு யாராச்சும் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிக்கிறோம்னு சொல்லிருக்காக."

தண்ணீர்? ஒரு அதிகாரி வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பார்த்ததோடு சரி. வேலையும் போனது போனதுதான். ஒரு பாடத்தை நன்றாக நடத்தினால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

புதன்கிழமை கார்த்திகா வகுப்புக்கு வந்துவிட்டாள். வந்ததும் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எனக்குப் பதினெட்டு வயசு ஆகுறதுக்குள்ள இன்னொரு கிராம சபை வருமா?"

"வரும். ஏன்?"

"அம்மாவ அடுத்து என்ன கேக்கச் சொல்லலாம்னு யோசிக்கிறேன்."

பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு!