வினோலியாவின் வலது கை

என் அக்கா அன்னாளின் மகள் வினோலியாவுக்கு எதற்கும் முன்னால் சிலுவை போட்டாக வேண்டும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வண்டி நகர்ந்தால் போடுவாள், பரீட்சைத் தாளைத் திருப்புமுன் போடுவாள், வறுத்த கறியை வாயில் வைக்குமுன்கூடப் போடுவாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். இவள் மட்டும் ஜூடோவுக்குப் போனாள்.

மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவில் ஐம்பத்தேழு கிலோ பிரிவில் தங்கம். அங்கெல்லாம் விரிப்பில் கால் வைக்குமுன் அவள் சிலுவை போட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை. முதல் வெளிநாட்டுப் போட்டியில் நடுவர் கண்டித்துவிட்டார். சர்வதேச ஜூடோவில் மத அடையாளம் காட்டக் கூடாது. குனிந்து வணங்கலாம், அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் நின்றவளை எதிராளி தூக்கி எறிந்தாள். முதுகு முழுதாகத் தரையில் பட்டால் ஆட்டம் அதோடு சரி. இன்னொரு முறை போட்டால் தடையே வரலாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

"நானாப் போடல மேடம். கை தானாப் போகுது," என்று பயிற்சியாளர் ஃபர்ஹீனிடம் அழுதாள்.

"அப்ப கைய வீட்ல வச்சிட்டு வாடி," என்றார் அவர்.

அக்காதான் வழி சொன்னாள். "பெல்ட்ட ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்க. சிலுவைய மேல உக்காந்து நான் போட்டுக்கிறேன். சாமிக்கு ஆள் தெரியாமயா போகும்?"

இந்த வருடம் ஆசியப் போட்டி, நான் வேலை பார்க்கும் அபுதாபியில் நடந்தது. அக்காவை வரவழைத்து அழைத்துப் போனேன். வினோலியா பெல்ட் நுனிகளைப் பற்றிக்கொண்டு வந்தாள்; மேலே பார்வையாளர் வரிசையில் அக்கா சிலுவை போட்டாள். கீழே வினோலியா ஒருத்தியை எறிந்தாள், இன்னொருத்தியைத் தரையில் அமுக்கியே வென்றாள்.

இறுதிப் போட்டியில் எதிரே மங்கோலியப் பெண். விரிப்பருகே வந்ததும் வினோலியாவின் வலது கை பெல்ட்டை விட்டு மேலே எழும்பியது.

"ஐயோ, கை! கை!" என்று கத்திவிட்டேன்.

மார்புவரை வந்த கை, சட்டையின் கழுத்தோரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு இறங்கியது. வினோலியா குனிந்து வணங்கி உள்ளே போனாள்.

நேரம் முடிந்தும் புள்ளி விழாமல் ஆட்டம் நீண்டது. எதிராளி இழுத்த வேகத்திலேயே இவள் அடியில் புகுந்து, அவளைத் தோளில் ஏற்றிக் கவிழ்த்தாள். முதுகு விழுந்த சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது.

பதக்கத்தோடு வந்தவளைக் கட்டிப்பிடித்த அக்கா, திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ வினோ! உங்க மாமன் கத்துன கத்துல கடைசி ஆட்டத்துக்குப் போடவே மறந்துட்டேண்டி!"

"அப்ப கடைசி ஆட்டத்த நானேதான் ஜெயிச்சேனா?" வினோலியா குதித்தாள்.

"திமிரப் பாரு!" அக்கா அவள் கழுத்திலிருந்த தங்கத்தைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏலே, என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? போட்டோ எடு!"