தாய்மாமன் வராத காதுகுத்து

என் அக்கா மகளுக்கு எட்டாம் வகுப்பு படிக்கும்வரை காது குத்தவில்லை. காரணம் நான். எங்கள் பக்கம் பிள்ளை நடை பழகும்போதே காது குத்திவிடுவார்கள். குத்தும்போது அது தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தாய்மாமன் வெளிநாட்டில் கூலிக்கு ரக்பி ஆடிக்கொண்டிருந்தான்.

கூலிக்கு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சென்னையில் எம்.ஏ. படித்தபோது பழகிய ஆட்டம் அது. இலங்கையிலிருந்து ஆட வந்த ஓர் அணி என் தோள்களைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குக் கூப்பிட்டது. அங்கிருந்து மலேசியா, பிறகு இத்தாலியில் ஊர் ஊராக. எங்கும் ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். யாருக்காவது முட்டி போனால், தோள் இறங்கினால், அந்த இடத்துக்கு நான் போவேன். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக்கொண்டு, எதிரே குனிந்து நிற்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவது. அதில் எனக்கு முன்வரிசை. ஓடிப்போய்ப் புள்ளி எடுப்பவனுக்குப் பந்து கிடைக்கும்படி தள்ளிக்கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. மறுநாள் பேப்பரில் என் பெயர் வந்ததில்லை.

இத்தாலியில் எனக்குக் கிடைத்த அறை ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. காலையில் கிளப் முதலாளியின் டைல்ஸ் ஃபேக்டரியில் பெட்டி தூக்குவேன், மாலையில் பயிற்சி. கூட இருந்தவன் ஃபிஜிக்காரன். தேங்காய்ப்பால் இல்லாமல் அவனுக்கும் சோறு இறங்காது, எனக்கும் இறங்காது. காய்ச்சலில் கிடந்தால் பேக்கரி அம்மாள் சூப்போடு மாடி ஏறி வருவார். ஆட்டத்தில் என்னைப் புரட்டியெடுத்தவர்களே முடிந்ததும் கைபிடித்துச் சாப்பிட அழைத்துப் போவார்கள். அந்த ஊர்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்தது நான், வேறோர் இடத்தில்.

காதுகுத்துக்கு முதலில் தேதி வைத்தபோது நான் மலேசியாவில் இருந்தேன். சீசன் முடிந்து, ஊருக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். கீழக்குயில்குடியில் மலையடிவாரக் கோயிலில் விசேஷம். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு என் பெயரை அச்சடித்திருந்தார்கள். புறப்படும் வாரத்தில்தான் இத்தாலிக்காரர்கள் முதன்முதலாகக் கூப்பிட்டார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அங்க ஒருத்தனுக்குக் கழுத்துல அடியாம். அவன் எடத்துக்கு என்னைய வரச் சொல்றாக."

"ஒன் எடத்துக்கு யாருடா வருவா?"

நான் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன்.

"கிடா வாங்கிக் கட்டியாச்சு. அது வேற என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்குது. அதுகிட்ட என்ன சொல்ல?"

"கொஞ்சம் தள்ளி வைக்கா. இந்த சீசன் முடிஞ்சதும் கண்டிப்பா வாரேன்."

"சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

விசேஷத்தைத் தள்ளி வைக்கவில்லை. அன்று நடந்ததை மச்சான் பின்னால் சொன்னார். கிடா வெட்டினார்கள், பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். ஆசாரி காது குத்தத் தயாராக இருந்தார். எங்கள் சித்தப்பா மகன், அவனும் முறைக்குத் தாய்மாமன்தான், பட்டு வேட்டி கட்டிப் பாயில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பிள்ளையை அவன் மடியில் வைக்கவில்லை. "கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கான். அவன் வந்தப்பறம் குத்திக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் பந்திக்கு அனுப்பினாளாம். அடுத்தவர் இடத்தில் போய் நிற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். என் இடத்தில் இன்னொருவரை வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

அடுத்த சீசனும் நான் வரவில்லை, அதற்கடுத்த வருஷங்களிலும் வரவில்லை. ஒரு நாட்டில் ஆட்டம் முடிகிற மாதத்தில் இன்னொரு நாட்டில் தொடங்கும். பிழைப்பு, அதனால்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. ஒரு தடவை மறுத்தால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அதைவிட, எங்கோ முன்பின் தெரியாத ஊரில் நான் தேவைப்படுகிறேன் என்பதில் ஒரு ருசி. வீட்டில் தேவைப்படுவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மூளிக்காதோடு போனது. விசேஷங்களுக்கு மட்டும் கவ்விப் பிடிக்கிற தோடு மாட்டி விடுவார்கள். கழற்றினால் காது சிவந்திருக்கும். "ஒங்க மாமா கப்பல்லயா வாரார், நீந்தியா வாரார்?" என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்களாம். இதை அந்தப் பிள்ளையே எனக்குப் போனில் சொன்னாள், சிரித்துக்கொண்டு. என்னால் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு மழைநாள் ஆட்டத்தில் என் வலது முட்டி போயிற்று. ஆபரேஷன் செய்தார்கள். கால் மடங்கவில்லை. கிளப் மரியாதையாக வழியனுப்பியது. என் இடத்துக்கு வேறொருவன் வந்திருப்பான்.

நாடு திரும்பி, ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். இன்னும் அந்த இடம் எனக்கு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? அக்கா என் காலைப் பார்த்தாள், தண்ணீர் கொடுத்தாள், காலண்டரைக் கழற்றி எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். "வளர்பிறையில வச்சிருவமா?" என்றாள்.

அதே கோயில். பாய் விரித்திருந்தது. தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார வேண்டும் என்றார் மச்சானின் பெரியப்பா. என் கால் மடங்காது. அக்கா மகளோ என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள்.

"மாப்ள, இவ ஒங்க மடியில ஒக்காந்தா அடுத்த காலுக்கும் ஆபரேஷன்தான்" என்றார் மச்சான். கூட்டம் சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"சம்மணம் போடாட்டி அது என்ன மடி?" என்றார் பெரியவர்.

வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "தூண்ல சாஞ்சு காலை நீட்டுங்க மாமா." நீட்டினேன். பக்கத்தில் படுத்து, தலையை என் தொடையில் வைத்தாள். "குத்தப்போறது காதுல தான தாத்தா. காது மடியில இருந்தாப் போதும்" என்றாள் பெரியவரிடம். அவர் தலையை ஆட்டிவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

கீழிருந்து என் முகத்தையே பார்த்தாள். "மாமா, ஒங்க காது என்ன, நசுங்கின பணியாரம் மாதிரி இருக்கு?"

"ஸ்க்ரம்ல தலையும் தலையும் ஒரசி ஒரசி இப்படி ஆயிருச்சு."

"வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு."

"இது?"

"அம்புட்டு வலிக்காது."

ஆசாரி குனிந்தார். அவள் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தாள். ஒரு சத்தமும் போடவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தோடு போட்டு முடித்து எல்லோரும் எழுந்தபின் அக்கா அருகில் போனேன். இத்தனை வருஷமாக மனதில் கட்டிவைத்திருந்த சொற்கள் இருந்தன. "அக்கா, நான் செஞ்சது..." என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும்டா. எல போட்டாச்சு, சனம் நிக்குது. தாய்மாமன் கூப்புடாம யாரு ஒக்காருவா? போ, போய் எல்லாரையும் வாங்கன்னு சொல்லு."

நொண்டிக்கொண்டே பந்தி வாசலுக்குப் போனேன். பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது. கைகூப்பி ஒவ்வொருவரையும் வாங்க, வாங்க என்று அழைத்தேன். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை அங்கேயே நின்றேன்.