பட்டறை ஸ்கேலில் அளந்த கதவு

பேட்டர்ன்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்தாறு வருடமாக வார்ப்புப் பட்டறையில் மர அச்சு செய்கிறார். அவர் செய்த மரத்தை மணலில் பதித்து எடுத்தால் பள்ளம் விழும்; பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றினால் சாமான் வரும். ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பதால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்றே ஒரு ஸ்கேல் வைத்திருந்தார். அதன் ஓர் அடி, ஊரார் அடியைவிட அரைக்கால் அங்குலம் நீளம்.

"நாங்க ஊத்தறோம், நீ சுரண்டறே" என்று, வார்த்த இரும்பைக் கடையும் லேத்காரரைச் சீண்டுவார். தன் அளவு தப்பியதாகச் சரித்திரமே கிடையாது என்று மீசையை முறுக்குவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒருநாள் மகள் பெட்டியோடு திரும்பி வந்தாள். இனி அவனோடு வாழ முடியாது என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கூடத்தில்தான் படுக்கை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவள் முகத்தைத் துருவிவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, பின்னறைக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

அன்றே நிலையை அளந்து, கதவு செய்பவருக்குப் போனில் சொன்னார். இரும்புக் கதவு வந்தது. மாட்டிப் பார்த்தால் மேலே கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இடைவெளி, பக்கத்திலும் கொஞ்சம். தாழ்ப்பாள் நிலையின் ஓட்டையை எட்டவேயில்லை.

"நீங்க சொன்ன அளவுதாங்க" என்றார் கதவுக்காரர்.

மகள் கோபப்படவில்லை. "விடுங்கப்பா. நான் ஹாஸ்டல் பாத்துக்கறேன்" என்றாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். பட்டறை ஸ்கேல்! அதன் அடி நீளம் என்பதால் எண் குறைவாக வந்திருந்தது. அவரே கதவைச் செய்திருந்தால் அதே ஸ்கேலில் அறுத்திருப்பார், சரியாகப் பொருந்தியிருக்கும். அவர் சொன்ன எண்ணை அடுத்தவர் ஊரார் ஸ்கேலில் அறுத்தார், வந்தது வினை.

மறுநாள் கதவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனார். எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார்.

"இரும்புதான் சுருங்கும்னு நெனச்சோம், வீடும் சுருங்குதா அண்ணே?" என்றார் லேத்காரர். இத்தனை வருடக் கடனை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார் மனிதர்.

"சிரிங்கப்பா, தப்பு என்னோடதுதான். ஆனா பொண்ணு வீட்டைவிட்டுப் போறேங்கறா."

சிரிப்பு நின்றது. பிரஸ் ஓட்டும் அம்மாள் தகட்டுப் பட்டைகளை அளவாக மடித்துக் கொடுத்தாள். வெல்டர் அவற்றைக் கதவின் மேலும் பக்கத்திலும் பற்றவைத்தார். உலைக்காரர் தாழ்ப்பாள் தண்டைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டினார். லேத்காரர் அதன் முனையைக் கடைந்து மழமழவென்று ஆக்கினார். நிலையின் அளவை மட்டும் அவரே முதலிலேயே போய் எடுத்து வந்திருந்தார், பேட்டர்ன்காரரைத் தொடவிடவில்லை.

சாயங்காலம் கதவு ஏறியது. மகள் உள்ளே போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் சிக்காமல் விழுந்தது. பிறகு உள்ளேயிருந்து அழுகை கேட்டது. அடக்காத, வாய்விட்ட அழுகை.

மகளின் அம்மா பதறி ஓடிவந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். பேட்டர்ன்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதே. இதுக்குத்தான் கதவு கேட்டிருக்கா."